பிரேக்கக்காவும் கொண்டைக்குருவிக் குஞ்சுகளும்

இருபத்தாறு வருஷமாக ஊருக்கெல்லாம் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவள், தன் வீட்டுப் பின்வாசல் படியில் வழுக்கி விழுந்து கணுக்காலை உடைத்துக்கொண்டாள் என்றால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? நலம் விசாரிக்க வந்தவர்கள் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டுதான் உள்ளே நுழைந்தார்கள். "லாரியா அக்கா? பஸ்ஸா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார்கள். "படி" என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னதும் பாதிப் பேருக்கு அவசரமாக இருமல் வந்துவிட்டது.

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவளுக்கு உண்டு. அது ஓட்டுநர் உரிமத்தில் பத்திரமாக இருக்கிறது. மற்றபடி எல்லோருக்கும் அவள் பிரேக்கக்கா. கற்றுக்கொடுக்கும் காரில் பக்கத்து இருக்கைக்குக் கீழேயும் ஒரு பிரேக் வைத்திருப்பார்கள். ஓட்டுகிறவர் தடுமாறினால் சொல்லிக்கொடுப்பவர் மிதிப்பதற்காக. மற்றவர்கள் அதை ஆபத்துக்கென்று விட்டுவைத்தார்கள். இவளோ ஆபத்து அடுத்த தெருவில் இருக்கும்போதே மிதித்துவிடுவாள். நாய் குறுக்கே வந்தால் மிதிப்பாள். வரலாமா வேண்டாமா என்று நாய் ஓரமாக நின்று யோசித்தாலும் மிதிப்பாள். வீட்டில் டிவியில் கார் ஒன்று வேகமாகப் போனால்கூட அவளுடைய வலது கால் தரையை அழுத்தும். அவளிடம் படித்த ஆயிரத்துச் சொச்சம் பேரில் ஒருவர்கூட ஒரு கீறல் வாங்கியதில்லை என்பது அவளுடைய பெருமை. பாடம் முடிந்து தனியாக ஓட்டப் போன பிறகு என்ன வாங்கினார்கள் என்ற கணக்கை யாரும் எடுக்கவில்லை, அது வேறு விஷயம்.

உடைந்ததும் அந்த வலது கால்தான். முழங்கால்வரை மாவுக்கட்டு. ஆறு வாரத்துக்குத் தரையில் ஊன்றவே கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். வீட்டில் அவர்கள் இரண்டு பேர்தான். லிஃப்ட் பழுது பார்க்கும் கணவர் எட்டு மணிக்கெல்லாம் கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். பின்கட்டு அறையின் ஜன்னலோரத்தில் நாற்காலியைப் போட்டு, காலை ஒரு ஸ்டூலின் மேல் தூக்கி வைத்து, ஃபிளாஸ்க்கில் டீ, பக்கத்தில் போன், கைக்கெட்டும் தூரத்தில் கக்கத்துக் கட்டைகள் இரண்டு என்று எல்லாம் செய்துவிட்டுத்தான் போவார். முதல் வாரம் அவள் போனிலேயே டிரைவிங் ஸ்கூலை நடத்தப் பார்த்தாள். மூன்றாம் நாளே முதலாளி அவளுடைய போனை எடுப்பதை நிறுத்திவிட்டார்.

வேறு போக்கிடமில்லாமல்தான் ஜன்னலுக்கு வெளியே பார்க்க ஆரம்பித்தாள். தோட்டம் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஓரத்தில் ஒரு சிமென்ட் தண்ணீர்த் தொட்டி, ஒரு கொய்யா மரம், நடுவில் துணிக்கொடி, பக்கத்து வீட்டுக்கும் இவர்களுக்கும் இடையே ஆளுயரச் செம்பருத்தி வேலி. பதினோரு வருஷமாக அந்த வீட்டில் இருக்கிறாள். ஈரத்துணியை உதறிப் போடவும் காய்ந்த துணியை உருவிக்கொண்டு ஓடவும் தவிர அங்கே அவள் நின்றதே கிடையாது.

இப்போது உட்கார்ந்து பார்த்தால், அங்கே ஒரு போக்குவரத்தே நடந்துகொண்டிருந்தது! கொய்யா மரத்து அணில் கையும் காட்டாமல் சைகையும் காட்டாமல் நட்டநடுவில் திரும்பியது. தவிட்டுக்குருவிகள் ஏழும் கூட்டமாக வந்து, ஒருவர் பேசுவதை இன்னொருவர் கேட்காமல் எல்லோரும் ஒரே நேரத்தில் கத்திச் சண்டை போட்டுவிட்டு, கூட்டமாகவே போயின. மதில்மேல் ஒரு ஓணான் காலையிலிருந்து தண்டால் எடுத்தது. தேன்சிட்டு ஒன்று செம்பருத்திப் பூவுக்கு முன்னால் அந்தரத்தில் நின்று தேன் குடித்தது. அதை முதல் தடவை பார்த்தபோது அவளுக்கு வாயில் ஈ போவது தெரியவில்லை. இதையெல்லாம் விட்டுவிட்டா பதினோரு வருஷம் துணி காயப்போட்டோம் என்று இருந்தது.

இரண்டாம் வாரம்தான் அந்தக் கொண்டைக்குருவி ஜோடி அவள் கண்ணில் பட்டது. தலையில் கறுப்புக் கொண்டை, வாலுக்கடியில் ஒரு பிடி சிவப்பு. வாயில் நாரும் வேருமாகக் கவ்விக்கொண்டு ஜன்னலைத் தாண்டி ஓரமாகப் போகும், வெறும் வாயோடு திரும்பி வரும். எங்கே போகிறது என்பது மட்டும் நாற்காலியிலிருந்து தெரியவில்லை. எவ்வளவு எட்டிப் பார்த்தாலும் சுவர் மறைத்தது. அன்று சாயங்காலம் கணவர் செருப்பைக் கழற்றுவதற்குள் பிடித்துக்கொண்டாள்.

"என்னங்க, அந்த மூலையில என்ன இருக்குன்னு கொஞ்சம் பாத்துட்டு வாங்க."

அவர் போய் வேலியை விலக்கிப் பார்த்துவிட்டு வந்தார். "கூடு கட்டுது. நெஞ்சு உயரத்துல, கெளைக்கு நடுவுல. டீ கப் அளவுகூட இல்ல."

"எனக்குத் தெரியணுமே!"

அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை. சாமான் அறையில் கிடந்த, காரிலிருந்து கழற்றிய பழைய பக்கக் கண்ணாடி ஒன்றை எடுத்து வந்து, ஜன்னல் கம்பிக்கு வெளியே இரண்டு போல்ட் போட்டு முடுக்கி, அவள் கண்ணுக்கு நேராகத் திருப்பிக் கொடுத்தார். எந்த லிஃப்டில் அந்த இரண்டு போல்ட் இப்போது இல்லை என்று அவள் கேட்டுக்கொள்ளவில்லை. கண்ணாடியில் வேலியின் மூலை, பச்சை இலைகளுக்கு நடுவே சின்னக் கிண்ணம் மாதிரி ஒரு கூடு, அதன் விளிம்பில் ஒரு வால். உலகத்தில் பாதியை அந்த மாதிரிக் கண்ணாடியில் பார்த்தே பழகியவள் அவள். உச்சி குளிர்ந்துபோனது.

அதற்குப் பிறகு அவளுக்கு நேரம் போனதே தெரியவில்லை. மூன்று முட்டை என்று கணவர் எட்டிப் பார்த்துச் சொன்னார். இளஞ்சிவப்பில் செம்புள்ளியாம். தாய் அடை காத்தது. பன்னிரண்டு நாள் கழித்துக் கூட்டின் விளிம்புக்கு மேல் மூன்று வாய்கள் திறந்தன. தலை இல்லை, உடம்பு இல்லை, வாய் மட்டும்தான். அன்று முதல் தாயும் தகப்பனும் மாற்றி மாற்றிப் பறந்தன. சாயங்காலம் கணவர் வந்ததும் அறிக்கை தயாராக இருக்கும்.

"இன்னிக்கு அம்பத்திரெண்டு ட்ரிப்புங்க. பதினெட்டு புழு, ஒரு தட்டான், மத்ததெல்லாம் என்னன்னு தெரியல. அப்பன்காரன் மத்தியானம் ஒரு மணி நேரம் ஆளக் காணோம்."

"சாப்பாட்டு எடவேளையா இருக்கும்" என்பார் அவர்.

குஞ்சு பொரித்த ஐந்தாம் நாள் காலையில் காகம் வந்தது. ஒளியவில்லை, மறையவில்லை, சாவகாசமாக வந்து வேலியில் உட்கார்ந்தது. தாயும் தகப்பனும் அலறிக்கொண்டு பாய்ந்ததை ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளாமல், கூட்டுக்குள் தலையை விட்டு ஒன்றைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. எல்லாம் நாலு நொடிதான். அவள் கண்ணாடியில் முழுசாகப் பார்த்தாள். மாவுக்கட்டுப் போட்ட கால் தானாகவே ஸ்டூலை ஓங்கி அழுத்தியது. வலி உச்சந்தலைக்கு ஏறியது. காகம் நிற்கவில்லை.

கணவர் வந்தபோது அவள் கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"அழுதியா?"

"கால் வலி" என்றாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு, "மிச்சம் ரெண்டு இருக்கு. ரெண்டையும் பறக்க வெச்சே தீருவேன். என் கண்ணு முன்னாடி இன்னொண்ணு போகக் கூடாது" என்றாள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. இருபத்தாறு வருஷத்தில் அவள் கண் முன்னால் யாருக்கும் எதுவும் ஆனதில்லை. இப்போது ஒன்றுக்கு ஆகிவிட்டது, அதுவும் கொஞ்சூண்டு, இறகு முளைக்காத உடம்பும் மஞ்சள் வாயுமாக.

காகத்தைவிடப் பெரிய கவலை ஒன்றும் இருந்தது. பக்கத்து வீட்டுப் பூனை. அதன் பெயர் இன்ஸ்பெக்டர். காலையும் மாலையும் தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை வீடு வீடாக நுழைந்து பார்த்துவிட்டு, ஒருவரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் வெளியேறும். அதை வளர்ப்பவள் பிரசவ வார்டில் வேலை செய்யும் நர்ஸ். முப்பத்தைந்து வயது, தனியாள், கலகலப்பான பெண். பிரேக்கக்காவிடம்தான் கார் கற்றுக்கொள்கிறாள். லைசென்ஸ் டெஸ்ட்டில் நாலு தடவை தோற்று, ஐந்தாவதுக்குத் தேதி வாங்கியிருந்தாள். கியர், திருப்பம், பின்னால் எடுப்பது எல்லாம் அவளுக்குக் கைவந்த கலை. கோட்டுக்கு முன்னால் நிறுத்த மட்டும் மறந்துவிடுவாள். பாடத்தின்போது வண்டி ஒவ்வொரு தடவையும் கோட்டுக்கு முன்னால் அழகாக நின்றது. எப்படி நின்றது என்று இரண்டு பேருமே யோசித்துப் பார்த்ததில்லை. "டெஸ்ட்டுன்னா உனக்குப் பதட்டம், வேற ஒண்ணுமில்ல" என்று பிரேக்கக்கா அவளுக்கு ஆறுதல் சொல்வாள்.

பத்தாம் நாள் இன்னொரு கூத்து. தகப்பன் குருவி கண்ணாடியைக் கண்டுபிடித்துவிட்டது. அதற்குள் ஒரு கொண்டைக்காரன் நின்றுகொண்டு தன்னை முறைக்கிறான் என்று அதற்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. புழுவைக் கீழே போட்டுவிட்டு வந்து கொத்தியது. உள்ளே இருப்பவனும் கொத்தினான். இறக்கையால் அடித்தது, அவனும் அடித்தான். குஞ்சுகள் அங்கே வாயைத் திறந்தபடி கத்த, இங்கே வீட்டுப் பெரியவர் தன்னோடு தானே மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். இப்படியே மத்தியானம் ஆகிவிட்டது. பிரேக்கக்கா ஜன்னல் கம்பி வழியே கையை நீட்டி, கணவருடைய கறுப்புக் காலுறை ஒன்றைக் கண்ணாடிக்கு மாட்டிவிட்டாள். சண்டை அதோடு தீர்ந்தது. குருவி இரண்டு பக்கமும் பார்த்து, ஜெயித்தது தான்தான் என்று ஒரு தடவை கூவிவிட்டு வேலைக்குப் போனது.

கண்ணாடி போனால் கூடு தெரியாது. அதனால் மறுநாளிலிருந்து கணவர் அவளுடைய நாற்காலியைத் தோட்டத்திலேயே, கொய்யா மரத்தடியில் போட்டுவிட்டுப் போனார். வேலிக்கு ஏழெட்டு அடி தூரம். நர்ஸ் இரவு டியூட்டி முடிந்து தூங்கி எழுந்ததும், டீ தம்ளரோடு வேலியைச் சுற்றி வந்து ஒரு முக்காலியில் உட்கார்ந்துகொள்வாள். இரண்டு பேரும் கிசுகிசுவென்று பேசிக்கொண்டு பார்ப்பார்கள்.

பன்னிரண்டாம் நாள் பத்து மணி இருக்கும். பிரேக்கக்கா தனியாக இருந்தாள். இரண்டு குஞ்சில் பெரியது கூட்டின் விளிம்பில் ஏறி உட்கார்ந்தது. கொண்டை முளைக்கவில்லை. வால் என்று சொல்லிக்கொள்ள ஒரு விரற்கடை இருந்தது. "ஏய், உள்ள போ" என்றாள். அது அவளைப் பார்த்தது. பிறகு பொத்தென்று கீழே விழுந்தது.

கட்டைகளை எடுத்துக் கக்கத்தில் கொடுத்து, ஒற்றைக் காலில் தத்தித் தத்திப் போய், வேலியைப் பிடித்துக்கொண்டு குனிந்து, குஞ்சைக் கையில் அள்ளினாள். உள்ளங்கையில் அதன் நெஞ்சு படபடவென்று அடித்தது. பதமாகக் கூட்டில் வைத்துவிட்டு, வியர்த்து விறுவிறுத்து நாற்காலிக்குத் திரும்பி, உட்காரக்கூட இல்லை, பொத். மறுபடி அது.

மறுபடி போனாள், வைத்தாள். மூன்றாவது முறையும் அது குதித்தது. இந்தத் தடவை அவள் அங்கேயே நின்றிருந்ததால் தரையைத் தொடுவதற்கு முன்பே பிடித்துவிட்டாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம்கூட வந்தது. தாயும் தகப்பனும் தலைக்கு மேலே கத்திக்கொண்டு பறந்தன. "கத்தாதீங்க, நான்தான் பாத்துக்கிறேன்ல" என்று அவற்றை அதட்டினாள்.

அப்போதுதான் நர்ஸ் டீயோடு வந்தாள். பின்னாலேயே இன்ஸ்பெக்டர். நர்ஸ் நடந்ததை ஒரு நிமிஷம் நின்று பார்த்தாள்.

"அக்கா, என்ன பண்றீங்க?"

"விழுந்துக்கிட்டே இருக்குடி. மூணு தடவ எடுத்து வெச்சிட்டேன்."

"விழல அக்கா. குதிக்குது." நர்ஸ் பூனையைத் தூக்கி இடுப்பில் இடுக்கிக்கொண்டாள். "அந்தத் தாயப் பாருங்க. வாயில புழு வெச்சிக்கிட்டு, கூட்டுக்குப் போகாம கீழ இருக்குற கெளையில நின்னு கூப்பிடுது. வெளிய வா, அப்பத்தான் தருவேன்னு கூப்பிடுது. நீங்க திரும்பத் திரும்ப உள்ள தள்ளுறீங்க. எங்க வார்டுல பொறந்த குழந்தைய யாராச்சும் திருப்பி உள்ள வெப்பாங்களா?"

சிரித்திருக்க வேண்டிய பேச்சு. ஆனால் பிரேக்கக்கா வியர்த்துப்போய், கால் விண்விண்ணென்று தெறிக்க, கையில் ஒரு உயிரோடு நின்றிருந்தாள். கோபம் மூக்குக்கு மேல் வந்தது.

"பறக்கத் தெரியாதது வெளிய வந்து என்ன பண்ணும்? உன் பூனைக்குச் சாப்பாடாவா?"

"பூனைய நான் பூட்டி வெக்கிறேன். நீங்க கைய எடுங்க."

"நீ மொதல்ல கோட்டுக்கு முன்னாடி வண்டிய நிறுத்தக் கத்துக்கிட்டு வா. அப்புறம் எனக்குப் பாடம் எடு."

நர்ஸின் முகம் சுருங்கிவிட்டது. பிறகு, "நான் எப்ப அக்கா நிறுத்தியிருக்கேன்? எனக்கு முன்னாடி உங்க கால் நிறுத்திடுது. என் காலுக்கு அந்த வேலையே வந்ததில்ல" என்று சொல்லிவிட்டு, பூனையோடு போய்விட்டாள். அவள் வீட்டுக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

பிரேக்கக்கா வீம்புக்கென்றே குஞ்சை நாலாவது தடவையும் கூட்டில் வைத்தாள். கை உள்ளே போனதும், அதுவரை ஒன்றும் தெரியாமல் சுருண்டு கிடந்த சின்னக் குஞ்சு மிரண்டது. எழுந்தது. அவள் மணிக்கட்டின் மேலேயே ஏறிக் குதித்துத் தண்ணீர்த் தொட்டிப் பக்கமாக உருண்டு விழுந்து காணாமல் போனது. பெரியது இன்னொரு பக்கம் குதித்து வேலிக்குள் புகுந்துகொண்டது. கூடு காலியாகிவிட்டது.

சாயங்காலம்வரை தேடினாள். தொட்டிக்கடியில் கட்டையை விட்டுத் துழாவினாள். ஒரு சத்தமும் இல்லை. கணவர் வந்து அவளை உள்ளே தூக்கிக்கொண்டு போக வேண்டியிருந்தது.

"நான்தாங்க கொன்னுட்டேன்" என்றாள். இந்தத் தடவை கால் வலி என்று சொல்லவில்லை. "காக்காயாவது பசிக்கு எடுத்துச்சு. நான் எதுக்கு எடுத்தேன்? அது இன்னும் ரெண்டு நாள் உள்ள இருந்திருக்கும். என் கையப் பாத்து பயந்து குதிச்சிடுச்சு. அந்தப் பொண்ணு சொல்லிச்சு, நான் கேக்கல. அவளையும் கண்டபடி பேசிட்டேன்."

அவர் ஒரு துண்டை நனைத்து அவளுடைய முகத்தைத் துடைத்துவிட்டார். பிறகு தன் வழக்கத்துக்கு மீறிக் கொஞ்சம் பேசினார்.

"லிஃப்டுல மாட்டிக்கிட்டவங்க மணி அடிப்பாங்க. நாங்க போய்ச் சேர்றதுக்கு முன்னாடி சொல்ற மொத வார்த்தை என்ன தெரியுமா? கதவத் தொடாதீங்க. யாரும் கேக்க மாட்டாங்க. எல்லாரும் நல்லதுன்னு நெனச்சுத்தான் கதவ நெம்புவாங்க. அதுலதான் கைய நசுக்கிக்குவாங்க." ஒரு வாய் டீ குடித்தார். "நானும் ஒரு தடவ உள்ள மாட்டிக்கிட்டேன். அப்ப நானும் நெம்புனேன்."

அவளுக்கு அழுகைக்கு நடுவே சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் அன்று சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் காலை நாற்காலியில் உட்கார்ந்து, கட்டைகளைப் பக்கத்தில் சாய்த்துவிட்டு, பார்க்க மட்டும் பார்த்தாள். பெரிய குஞ்சு வேலிக்குள்ளே நடுக்கிளையில் உட்கார்ந்து, புழு கேட்கிற தொனியில் கத்திக்கொண்டிருந்தது. தாய் அதற்கு ஊட்டியது. ஆக, நர்ஸ் சொன்னது அத்தனையும் சரி. பக்கத்து வீட்டு ஜன்னலுக்குள்ளிருந்து இன்ஸ்பெக்டர் ஊரைக் கூட்டுகிற மாதிரி முறையிட்டது. ராத்திரி டியூட்டி பார்த்துவிட்டு வந்தவளுக்கு அந்தக் கச்சேரிக்கு நடுவே எப்படித் தூக்கம் வரும்? பேச்சு வாங்கியும் பூனையைப் பூட்டித்தான் வைத்திருந்தாள். பிரேக்கக்காவுக்குக் கூச்சமாக இருந்தது.

தகப்பன் குருவி வாயில் ஒரு பச்சைப் புழுவோடு வந்தது. வேலிக்குப் போகவில்லை. தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து, குனிந்து, பின்பக்கமாக இறங்கியது. வெறும் வாயோடு மேலே வந்தது. பிரேக்கக்கா மூச்சை அடக்கிக்கொண்டாள். அரை மணியில் மறுபடி அப்படியே. அங்கே யாரோ வாங்கிச் சாப்பிடுகிறார்கள்! உயிரோடு இருக்கிறது. சந்தோஷத்தில் அவளுக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. வாயைக் கையால் பொத்திக்கொண்டாள்.

பதினோரு மணிக்குத் தொட்டிக்குப் பின்னாலிருந்து சின்னக் குஞ்சு வெளியே வந்தது. தொட்டிக்கும் வேலிக்கும் நடுவே பத்தடி வெட்டவெளி. புல்லுகூடச் சரியாக இல்லை. வேலியிலிருந்து தாய் விடாமல் கூப்பிட்டது. குஞ்சு இரண்டு தத்துத் தத்தி, நின்றது. இறக்கையை விரித்துப் பார்த்து, மடக்கிக்கொண்டது. அந்த நேரம் பார்த்து மதில்மேல் காகம் வந்து உட்கார்ந்தது.

பிரேக்கக்கா எப்போது எழுந்தாள், எப்போது கட்டையை எடுத்தாள் என்பது அவளுக்கே தெரியாது. குஞ்சுக்கு இரண்டடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தாள். குனிந்து எடுத்தால் ஒரு நொடி வேலை. கொண்டுபோய் வேலிக்குள் விட்டால் முடிந்தது. யாரும் பார்க்கவில்லை. காகம் கழுத்தைச் சாய்த்தது. அவளுடைய கை ஏற்கெனவே கீழே இறங்கிக்கொண்டிருந்தது.

கையை இழுத்துக்கொண்டாள். இழுத்த கை சும்மா இருக்காது என்றும் அவளுக்குத் தெரியும். இருபத்தாறு வருஷப் பழக்கம், அவளைக் கேட்டுக்கொண்டா நடக்கும்? அதனால் ஒரு காரியம் செய்தாள். இரண்டு கட்டைகளையும் எட்டாத தூரத்துக்கு மெல்லத் தள்ளிவிட்டு, கொய்யா மரத்தின் தாழ்ந்த கிளையைப் பிடித்துக்கொண்டு, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்தால் இன்னொருவர் வந்து தூக்காமல் எழ முடியாது. அது தெரிந்துதான் உட்கார்ந்தாள்.

காகம் பறந்து இறங்கியது. ஆனால் நேற்றுவரை கூட்டுக்கும் குஞ்சுக்கும் நடுவே ஓடியோடி அலைந்த தாயும் தகப்பனும் இன்று இரண்டு பக்கமாகப் பிரிந்து பாய்ந்தன. தலையில் ஒன்று, முதுகில் ஒன்று. அந்தக் கூச்சல் காதில் விழுந்ததும் தவிட்டுக்குருவிகள் ஏழும், என்ன ஏது என்று கேட்காமல், தங்களுக்கும் ஒரு சண்டை கிடைத்ததே என்று வந்து சேர்ந்தன. காகம் மதிலுக்குத் திரும்பியது. அங்கேயும் விடவில்லை. எரிச்சலோடு ஒரு கத்துக் கத்திவிட்டுப் போய்விட்டது.

சின்னக் குஞ்சு அந்த அமளியில் தத்தித் தத்தி வந்து, மாவுக்கட்டுப் போட்ட காலின் ஓரத்தில் ஒண்டிக்கொண்டது. அதற்கு அது ஒரு வெள்ளைச் சுவர், அவ்வளவுதான். பிரேக்கக்கா இமைக்கவில்லை. தாய் இறங்கியது. அவளை ஒரு பார்வை பார்த்தது. கட்டின் மேலேயே ஏறி நின்று, குனிந்து, குஞ்சின் வாயில் ஒரு புழுவைத் திணித்தது. இவ்வளவு பக்கத்தில் எந்தக் கண்ணாடியிலும் அவள் எதையும் பார்த்ததில்லை. தாயின் கண்ணில் அவளுடைய முகமே சின்னதாகத் தெரிந்தது. பிறகு தாய் பறந்து வேலியில் நின்று கூப்பிட்டது. குஞ்சு தத்தியது. தத்தியது. இறக்கையை விரித்தது. தரையிலிருந்து ஒரு முழ உயரத்துக்குக் கோணல்மாணலாகப் பறந்து, செம்பருத்திக்குள் போய் முட்டிக்கொண்டு விழாமல் நின்றது.

பிரேக்கக்கா விசும்பி விசும்பி அழுதாள். அத்தனையும் சந்தோஷம். அழுது முடித்து மூக்கைச் சிந்திய பிறகுதான் எழ முடியாது என்பது நினைவுக்கு வந்தது. கணவர் வர ஏழு மணி நேரம் இருந்தது. போன் நாற்காலியில் இருந்தது.

"நர்ஸு! ஏய் நர்ஸு!"

தூக்கக் கலக்கத்தில் தலைமுடியை முடிந்துகொண்டே நர்ஸ் ஓடி வந்தாள். தரையில் கிடப்பவளைப் பார்த்துப் பதறிவிட்டாள்.

"ஐயோ, விழுந்துட்டீங்களா?"

"விழல. உக்காந்தேன்."

"எதுக்கு?"

பிரேக்கக்கா வேலியைக் காட்டினாள். இரண்டு குஞ்சும் ஒரே கிளையில் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்திருந்தன. நர்ஸ் குஞ்சுகளைப் பார்த்தாள். தள்ளிக் கிடந்த கட்டைகளைப் பார்த்தாள். தரையில் உட்கார்ந்திருப்பவளைப் பார்த்தாள். அவளுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"கைய என் தோள்ல போடுங்க" என்று குனிந்தாள். "ஒண்ணு, ரெண்டு, மூணு சொன்னதும் நல்லா முக்குங்க."

"முக்கணுமா?"

"ஐயோ, வார்டுப் பழக்கம். சும்மா எந்திரிங்க."

இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் முதல் தடவை எழ முடியாமல் மறுபடி உட்கார்ந்துவிட்டார்கள். இரண்டாவது தடவைதான் நாற்காலிவரை வந்து சேர்ந்தார்கள். பக்கத்து வீட்டில் இன்ஸ்பெக்டர் இன்னும் முறையிட்டுக்கொண்டிருந்தது.

"நேத்து நான் பேசுனது தப்பு" என்றாள் பிரேக்கக்கா, காலை ஸ்டூலில் தூக்கி வைத்துக்கொண்டே. "டெஸ்ட்டு என்னிக்கு?"

"செவ்வாக்கெழமை."

"ஞாயித்துக்கெழமை எங்க வீட்டு வண்டிய எடு. அவரு உன் பக்கத்துல உக்காரட்டும். நான் பின் சீட்டுல வரேன்."

வீட்டு வண்டியில் பக்கத்து இருக்கைக்குப் பிரேக் கிடையாது. பின் இருக்கைக்கு எந்த வண்டியிலும் கிடையாது. நர்ஸுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது.

"நீங்களா? பின் சீட்டுலயா?"

"கால நீட்ட எடம் வேணும்ல" என்றாள் பிரேக்கக்கா, வேறு எங்கோ பார்த்துக்கொண்டு.

"கண்ண மூடிக்கிட்டு வருவீங்களா?"

"அது எப்படி? தொறந்துக்கிட்டுத்தான் வருவேன். நீ நிறுத்துறத நான் பாக்க வேணாமா?"